காற்றிடம் எவ்வளவு கேட்கலாம்?

பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று என் மேசை இழுப்பறையில் வெகுநாளாகக் கிடந்தது. தண்ணீர் பாட்டிலை வெட்டி மூன்று இறக்கை செய்து, அதன் தண்டில் ஒட்டி, மேசை விசிறிக்கு முன்னால் பிடித்தேன். விர்ரென்று சுழன்றது. மோட்டாரின் இரண்டு கம்பிகளும் எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வேகம் இருந்தது, வேலை நடக்கவில்லை. பிறகு அந்தக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். விசிறி அதே வேகத்தில்தான் வீசியது. இறக்கையோ, யாரோ விரலால் பிடித்துக்கொண்டதுபோல் தளர்ந்துபோய், நகர்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிய அளவுக்கு மந்தமாகிவிட்டது. இப்போதும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக, கம்பிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு எல்இடியைச் சேர்த்தேன். வேகம் சற்றே குறைந்தது. விளக்கு எரிந்தது.

வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. காற்றிடம் எதுவும் கேட்காவிட்டால் எதுவும் கிடைக்காது. அளவுக்கு மீறிக் கேட்டாலும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் அதிகபட்சம் தேறும். வம்பு என்னவென்றால் அந்த இடம் நிலையாக இருப்பதில்லை. காற்று கூடினால் ஒரு பக்கம் நகரும், குறைந்தால் மறுபக்கம் நகரும். மின்வாரியக் கம்பியின் துணை இல்லாமல், ஒரு வீட்டுக்கோ தோட்டத்துக்கோ தன்னந்தனியாக நிற்கும் சிறு காற்றாலைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. ஓடி ஓடி அந்த இடத்தைப் பிடிப்பதுதான் அதன் வேலை. கன்ட்ரோலர் என்று சொல்கிறோம். அந்தப் பெட்டி பிறந்த கதை நூறாண்டுக்கு மேல் நீள்கிறது.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து வீட்டுக்கு விளக்கேற்றிய முதல் ஆட்களில் ஒருவர் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத். 1887 ஜூலையில், மேரிகெர்க் என்ற ஊரில் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலையை நிறுத்தி, பேட்டரிகளை நிரப்பினார். மிஞ்சிய மின்சாரத்தில் ஊர்த் தெருவுக்கு விளக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். பிளைத்தின் கதை சுவையானது. ஆனால் கட்டுப்பாடு என்று பார்த்தால் நம் கதை அடுத்த ஆண்டு, அட்லாண்டிக்குக்கு அப்பால் தொடங்குகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் யூக்ளிட் அவென்யூ என்பது அந்நாளில் கோடீஸ்வரர்கள் தெரு. அங்கே வில்விளக்குகளைச் செய்து விற்றுப் பெரும் பணம் சேர்த்த சார்லஸ் பிரஷ், தன் மாளிகையின் பின்புறத்தில் 1888-ல் ஒரு பூதத்தை நிறுத்தினார். 60 அடி உயரக் கோபுரம், 56 அடி விட்டமுள்ள சக்கரம், அதில் தேவதாரு மரத்தாலான 144 இறக்கைகள். காற்றின் திசைக்குச் சக்கரத்தைத் திருப்பிவிட 60 அடி நீள வால். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், கப்பிகளும் பெல்ட்டுகளும் வழியாக டைனமோ 50 சுற்றுச் சுற்றும். நிலவறையில் 408 பேட்டரிக் கலங்கள். மாளிகையில் 350 விளக்குகள். முழு வேகத்தில் டைனமோ தந்தது 12 கிலோவாட். அப்போதும் அந்தப் பெருஞ்சக்கரம் நிமிடத்துக்குச் சுற்றியது 10 சுற்றுதான்.

அளவைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு சின்ன உறுப்பு அதில் இருந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு தானியங்கிச் சாவி. மின்னழுத்தம் 75 வோல்ட்டைத் தொட்டால் அது மூடி இணைப்புக் கொடுக்கும். 70-க்கு இறங்கினால் திறந்து துண்டித்துவிடும். இது ஏன் வேண்டும்? டைனமோவும் மோட்டாரும் ஒரே ஜாதி. காற்று ஓய்ந்த நேரத்தில் இணைப்பு அப்படியே இருந்தால், நிரம்பிய பேட்டரி டைனமோவை மோட்டாராக்கிச் சுழற்றத் தொடங்கும். பகலெல்லாம் சேர்த்த மின்சாரம் இரவில், ஊருக்கு விசிறி வீசுவதில் தீர்ந்துபோகும். பழைய கார்களில் டைனமோவுக்குப் பக்கத்தில் இருந்த கட்-அவுட் இதே வேலையைத்தான் செய்தது.

அந்த 75-க்கும் 70-க்கும் நடுவே விட்டிருக்கும் ஐந்து வோல்ட் இடைவெளிதான் எனக்குப் பிடித்த இடம். இரண்டும் ஒரே எண்ணாக இருந்திருந்தால், காற்று எல்லைக்கோட்டில் தயங்கும்போதெல்லாம் சாவி டக் டக்கென்று அடித்துக்கொண்டு தீய்ந்திருக்கும். சேர்வதற்கு ஒரு அளவு, பிரிவதற்கு வேறொரு அளவு. இன்றைய கன்ட்ரோலர்களின் நிரலிலும் இந்த இடைவெளி இருக்கிறது. 1890 டிசம்பரில் இந்த ஆலையைப் பற்றி எழுதிய சயன்டிபிக் அமெரிக்கன் இதழ், காற்று இலவசம் என்பதால் இந்த மின்சாரம் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம், கட்டும் செலவு அவ்வளவு என்று வாசகர்களை எச்சரித்தது. நூற்று முப்பது ஆண்டுகளாகியும் அந்த எச்சரிக்கை பழசாகவில்லை.

பிரஷ்ஷின் சாவி காவல்காரன் வேலையைச் செய்தது. உள்ளே விடலாமா, வேண்டாமா என்பதோடு அதன் கேள்வி முடிந்தது. எவ்வளவு கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று அது யோசிக்கவில்லை.

டென்மார்க்கின் அஸ்கொவ் என்ற சிற்றூரில் மக்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த பொவுல் ல கூர் வேறொரு தொல்லையில் மாட்டியிருந்தார். அரசு உதவியோடு 1891-ல் சோதனைக் காற்றாலை கட்டினார். காற்று குதித்தால் டைனமோவும் குதிக்கிறது, விளக்கு கண்சிமிட்டுகிறது. அதற்காக அவர் செய்த கருவிக்குக் கிராட்டோஸ்டாட் என்று பெயர். கப்பி, பெல்ட், தொங்கும் எடை இவ்வளவுதான் அதன் சாரம். எடை பெல்ட்டை ஓர் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த அளவை மீறி இறக்கை இழுத்தால் பெல்ட் வழுக்கிவிடும். டைனமோவுக்குப் போகும் இழுப்பு சீராக இருக்கும். பேட்டரி விலை கட்டுப்படியாகாததால், ல கூர் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்து, பள்ளிக்கு வாயு விளக்கேற்றினார். இடையிடையே வெடித்துப் பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகளை மாற்ற வேண்டியும் வந்தது.

வழுக்கிவிடும் பெல்ட் என்பது காற்று கொடுத்ததில் ஒரு பகுதியைத் தரையில் கொட்டுவதற்குச் சமம். அது ல கூருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவருக்கு வேண்டியது நிதானமான விளக்கு. ஆனால் அதே மனிதர் 1896 வாக்கில் காற்றுக் குழாய்க்குள் மாதிரி இறக்கைகளை வைத்துச் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார்: மின்சாரத்துக்கு, மெதுவாகச் சுற்றும் பல இறக்கைகளைவிட வேகமாகச் சுற்றும் சில இறக்கைகளே மேல். பிரஷ்ஷின் 144 இறக்கைகளுக்கு அங்கேயே முடிவு எழுதப்பட்டது.

எடுக்கக்கூடிய உச்சவரம்பு எது என்பதற்கு 1920 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் பெட்ஸ் விடை சொன்னார். இறக்கை வட்டத்துக்குள் வரும் காற்றின் ஆற்றலில் 27-ல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. காரணம் எளிது. முழுவதையும் பிடுங்கிக்கொண்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் நின்றுவிடும். நின்ற காற்று, வரும் காற்றுக்கு வழிவிடாது. வருகிற காற்று சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும். கிடைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதைக் கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன ஆலை. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அந்த வட்டத்துக்குள் நுழைவது சுமார் 235 வாட். பெட்ஸ் விதி அனுமதிப்பது 140 வாட். நல்ல சிறு ஆலை நடைமுறையில் எடுப்பது 75 வாட் அளவு. காற்று இரட்டித்து 10 மீட்டரானால் எல்லாமே எட்டு மடங்கு. திறன் காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இரண்டாம் பாடம் சுழற்சி பற்றியது. நல்ல மூன்றிறக்கை ஆலை ஒன்றில், இறக்கையின் நுனி காற்றைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு வேகத்தில் ஓடும்போதுதான் அதிகம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். நம் இரண்டு மீட்டர் ஆலை, 3 மீட்டர் காற்றில் நிமிடத்துக்கு 170 சுற்று, 5 மீட்டரில் 285 சுற்று, 10 மீட்டரில் 570 சுற்று என ஓட வேண்டும். காற்று எப்படி ஏறுகிறதோ அதே விகிதத்தில் சுழற்சியும் ஏற வேண்டும். சுழற்சி இரட்டித்தால் ஜெனரேட்டர் போடும் முறுக்குச் சுமை நான்கு மடங்காக வேண்டும். இரண்டையும் பெருக்கினால் திறன் எட்டு மடங்கு. கணக்கு சரியாகிவிட்டது. நடைமுறையில் இதைச் சொல்லிக் கொடுப்பது யார்?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், மின்கம்பியே எட்டிப் பார்க்காத மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த மார்செல்லஸ் ஜேக்கப்ஸும் அவர் அண்ணன் ஜோவும் பெட்ஸின் கட்டுரையைப் படித்தவர்கள் அல்லர். 1920-களின் தொடக்கத்தில், தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் சக்கரத்தைக் கழற்றி, பழைய ஃபோர்டு காரின் பின் அச்சில் மாட்டி, மின்சாரம் எடுக்கப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. தண்ணீர் இறைக்கும் சக்கரம் பலமாக இழுக்கும், ஆனால் மெல்லச் சுற்றும். மாட்டை விட்டுச் செக்காட்டலாம், தையல் மிஷின் ஓட்ட முடியுமா? மார்செல்லஸ் இடையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். விமானத்தின் புரொப்பெல்லர் எப்படிக் காற்றைக் கடிக்கிறது என்பது அங்கே விளங்கியது. இரண்டிறக்கை வைத்தால், காற்றுத் திசைக்கேற்ப வால் திரும்பும்போதெல்லாம் கோபுரமே உதறியது. மூன்றிறக்கைக்கு மாறினார்கள், உதறல் நின்றது. இன்று முப்பந்தலில் பார்க்கிற இராட்சத ஆலைகள் வரை மூன்று இறக்கைதான்.

அடுத்து அவர்கள் தொட்டது ஜெனரேட்டரை. அங்கேதான் இந்தக் கதையின் திருப்பம். பல் சக்கரம் எதுவும் இல்லாமல் இறக்கையை நேராகவே ஜெனரேட்டரில் மாட்டினார்கள். காற்று ஏற ஏற இறக்கை தரக்கூடிய திறன் எந்த வளைவில் ஏறுகிறதோ, அதே வளைவில் ஜெனரேட்டரின் சுமையும் ஏறும்படி அதன் காந்த முனைகளை வடிவமைத்தார்கள். மெல்லிய காற்றில் ஜெனரேட்டர் இறக்கையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. காற்று வலுத்தால் தானும் வலுவாகப் பிடிக்கும். சிப்பு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. கன்ட்ரோலரை இரும்பிலும் செம்புக் கம்பியிலும் வார்த்து வைத்திருந்தார்கள் என்றே சொல்லலாம். புயற்காற்றுக்கு வேறு ஏற்பாடு: சுழற்சி எல்லை மீறினால் குண்டுகள் வெளியே விரிந்து இறக்கைகளின் கோணத்தைத் திருப்பிவிடும்.

பண்ணை வீடுகளில் 32 வோல்ட் பேட்டரிகளை நிரப்பியது இந்த ஜேக்கப்ஸ் ஆலை. அந்த 32 வோல்ட்டுக்கென்றே தேய்ப்புப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் விற்றார்கள். இன்னும் எளியவர்களுக்கு வின்சார்ஜர் என்ற ஆறு வோல்ட் சின்ன ஆலை இருந்தது, ரேடியோ வாங்கினால் மலிவு விலையில் சேர்த்துக் கொடுத்தார்கள். அட்மிரல் பேர்ட் 1933-ல் தென்துருவப் பயணம் போனபோது ஜேக்கப்ஸ் ஆலை ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினார். 1955-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பனி ஏறி ஏறிக் கோபுரத்தை விழுங்கியிருந்தும் இறக்கை சுழன்றுகொண்டிருந்தது என்பார்கள். ஆனால் அதற்குள் ஊர் மாறிவிட்டது. ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் தொடங்கிய கிராம மின்மயத் திட்டம் பண்ணை பண்ணையாகக் கம்பி இழுத்தது. கம்பி வந்த வீட்டில் காற்றாலைக்கு என்ன வேலை? 1950-களின் நடுவில் ஜேக்கப்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது.

1973-ன் எண்ணெய் நெருக்கடி காற்றாலைகளை மறுபடியும் நினைவூட்டியது. பழைய ஜேக்கப்ஸ் ஆலைகளைத் தேடிப்பிடித்துத் துரு நீக்கி நிறுத்திய இளைஞர் கூட்டமே அமெரிக்காவில் இருந்தது. புதிதாகக் கட்டியவர்களுக்கு 1980-களில் ஒரு வரம் கிடைத்தது, நியோடிமியம் காந்தம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் காந்தம் உள்ளங்கைக்குள் அடங்கும், இரும்பில் ஒட்டினால் பிரித்தெடுக்க ஆள் வேண்டும். இதைக்கொண்டு வீட்டுப் பட்டறையிலேயே நல்ல ஜெனரேட்டர் செய்யலாம். இழப்பு குறைவு, பழுது குறைவு. வரத்தோடு ஒரு சாபமும் வந்தது.

பேட்டரி ஒரு பிடிவாதக்காரன். 12 வோல்ட் பேட்டரி என்றால் நிரம்பும்போது 14 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும், அதற்கு மேல் ஏற விடாது. நிலைக்காந்த ஜெனரேட்டரின் மின்னழுத்தமோ சுழற்சிக்கு நேர்விகிதம். ஆக, மின்னழுத்தத்தை 14-ல் பிடித்துக்கொண்டால் சுழற்சியையும் பிடித்துக்கொண்டது போலத்தான். 3 மீட்டர் காற்றில் 170 சுற்றில் மின்னூட்டம் தொடங்கும்படி செய்த நம் ஆலை, 10 மீட்டர் காற்றில் 570 சுற்றுக்குப் போக வேண்டும். பேட்டரி அதை 250-ஐத் தாண்ட விடாமல் குடுமியைப் பிடித்து வைத்திருக்கும். மெதுவாகச் சுற்றும் இறக்கைமேல் காற்று தவறான கோணத்தில் அறைந்து, சுழன்று கலைந்து போகும். விமானிகள் ஸ்டால் என்று சொல்லிப் பயப்படும் அதே நிலை. ஜெனரேட்டர் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடி விழும். ஜேக்கப்ஸ் சகோதரர்கள் கஷ்டப்பட்டுச் செதுக்கிய வளைவு இந்தக் காந்தத்தில் காணாமல் போயிருந்தது.

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கொரேக் என்றொரு தீபகற்பம். மின்கம்பி கிடையாது, சாலையும் கிடையாது. அங்கே 1970-களில் குடியேறிய ஹ்யூ பிகட், பழைய வாகன பிரேக் டிரம்களைக்கொண்டு காற்றாலை கட்டக் கற்று, பிறகு உலகுக்கே கற்றுக் கொடுத்தவர். அவர் வடிவமைத்த ஜெனரேட்டரை இலங்கையிலும் பெருவிலும் கிராம வீடுகளுக்கென்று செய்து பார்த்தார்கள். இலங்கைக் கிராமங்களில் டிவி பார்க்கக் கார் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ஜ் கடைக்குப் போய்வந்த வீடுகள் அப்போது ஏராளம். ஆரோவில்லிலும் பிகட் முறையில் இறக்கை செதுக்கிக் காற்றாலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஸ்டால் தொல்லைக்குப் பிகட் சொன்ன கைமருந்து முதலில் கேட்பவர்களைச் சிரிக்க வைக்கும். ஆலைக்கும் பேட்டரிக்கும் நடுவே போகும் கம்பியில் கொஞ்சம் தடையைச் சேருங்கள் என்றார். மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பதா? கணக்கைப் பாருங்கள். ஸ்டாலில் சிக்கிய ஆலை 100 வாட் தருகிறது என்று வைப்போம். தடை சேர்த்ததும் பிடி தளர்ந்து, இறக்கை தன் இயல்பான வேகத்துக்கு ஓடி 250 வாட் எடுக்கிறது. அதில் 100 வாட் கம்பிச் சூட்டில் போகட்டும், மீதி 150 பேட்டரிக்கு. வீணடித்ததால் மிச்சம்! கன்ட்ரோலர் செய்ய வேண்டிய வேலையின் சூட்சுமத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் படித்ததில்லை.

சூடாக்காமலே அந்தப் பிடியைத் தளர்த்த முடியுமானால்? அதற்கான பொருள் ஏற்கெனவே வானத்தில் பறந்துகொண்டிருந்தது. விண்கலங்களின் சூரியத் தகடுகளுக்கும் இதே கோளாறுதான், வெயிலும் வெப்பமும் மாற மாற, எந்த மின்னழுத்தத்தில் அதிகம் தரும் என்பது நகரும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் மின்மாற்றுச் சுற்று ஒன்றை விவரிக்கும் கட்டுரை 1968-ல் வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பது விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர் கதவும், ஒரு கம்பிச் சுருளும், ஒரு மின்தேக்கியும். கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றினால், ஒரு பக்கம் 14 வோல்ட்டிலேயே நிற்க, மறுபக்கம் 20, 30, 40 என்று எங்கு வேண்டுமானாலும் நிற்க முடியும். சைக்கிளில் கியர் மாற்றுவது போலத்தான், பல் சக்கரம் மட்டும் கிடையாது. காற்றாலைக்கு இது கிடைத்ததும் பேட்டரியின் குடுமிப்பிடி விட்டது. இனி கியரை எப்போது மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, காற்றை அளப்பது. அனிமோமீட்டர் ஒன்றை வைத்து, அது சொல்லும் வேகத்தை ஆறால் பெருக்கி, அந்த நுனி வேகம் வரும்வரை சுமையைக் கூட்டிக் குறைத்தால் போதும். தாளில் அழகாக இருக்கும். வாலில் மாட்டினால் இறக்கை கலக்கிவிட்ட காற்றைத்தான் அளக்கும். தள்ளி நட்டால் அங்கே அடிக்கும் காற்று வேறு, இங்கே அடிக்கும் காற்று வேறு. வீட்டுக் காற்றாலைக்கு அனிமோமீட்டர் விலையும் கட்டாது, உப்புக்காற்றில் அதன் தாங்கு உருளையும் நிற்காது.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. காற்றை அளக்கவே வேண்டாம், இறக்கையின் சுழற்சியை மட்டும் பார். சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுமையைப் போடு. அவ்வளவுதான். காற்றுக்கு இருக்க வேண்டியதைவிட இறக்கை வேகமாக ஓடினால், சுமை காற்றின் தள்ளலைவிடப் பெரிதாகி இறக்கையை அடக்கும். மெதுவாக ஓடினால் சுமை சிறிதாகி இறக்கை வேகமெடுக்கும். மேட்டிலிருந்து உருட்டிவிட்ட கோலி குழியில் போய்த் தங்குவதுபோல் ஆலை தானே சரியான இடத்துக்கு வந்து சேரும். ஜேக்கப்ஸ் ஜெனரேட்டர் இரும்பில் செய்ததையே இது நான்கு வரி நிரலில் செய்கிறது. குறை ஒன்று: எத்தனையால் பெருக்குவது என்ற எண் ஆலைக்கு ஆலை வேறு. ஒரே ஆலையிலும், இறக்கையில் தூசும் பூச்சியும் படிந்தால் அந்த எண் மாறிவிடும்.

ஆலையைப் பற்றி எதுவுமே தெரியாமல் உச்சத்தைப் பிடிக்க முடியுமா? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் புயூரிங்கும் ஃப்ரெரிஸும் காற்றாலைக் கட்டுப்பாட்டு முறைகள் பற்றி 1981-ல் எழுதியபோதே இந்தத் திசையில் யோசித்திருந்தார்கள். மலையேற்றம் என்று இதற்குப் பெயர். அமாவாசை இருட்டில் குன்றின் உச்சிக்குப் போகிறவன் ஓர் அடி வைத்துப் பார்ப்பான். மேடேறினால் அதே பக்கம் அடுத்த அடி, பள்ளமானால் மறுபக்கம். கன்ட்ரோலரும் சுமையைக் கொஞ்சம் கூட்டும். திறன் ஏறினால் இன்னும் கூட்டும், இறங்கினால் குறைக்கும். சூரியத் தகட்டில் இது கச்சிதமாக வேலை செய்தது.

காற்றாலையில் இரண்டு இடத்தில் ஏமாந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை முதலாவது. கன்ட்ரோலர் தவறான பக்கம் அடிவைத்த அதே விநாடியில் காற்று ஒரு வீச்சு வீசினால் திறன் ஏறும். எல்லாம் என்னால்தான் என்று எண்ணிக்கொண்டு கன்ட்ரோலர் அதே தவறான பக்கம் நடையைக் கட்டும். இரண்டாவது இதைவிட நுட்பமானது. இறக்கை கனமானது, ஓடும்போது தன்னுள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. சுமையைச் சட்டென்று கூட்டினால், இறக்கை வேகம் குறையும்போது அந்தச் சேமிப்பு மின்சாரமாக வெளியே வரும். மீட்டரில் திறன் ஏறும். கன்ட்ரோலர் மகிழ்ந்து இன்னும் இறுக்கும். முதலை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு வட்டி கூடிவிட்டது என்று கொண்டாடுகிற கதை. சில விநாடிகளில் இறக்கை மூச்சுவாங்கி ஸ்டாலில் விழும். அதற்காகப் பொறுத்துப் பொறுத்து அடிவைத்தால், அதற்குள் காற்று வேறெங்கோ போயிருக்கும். சூரியத் தகட்டில் விநாடிக்கு விநாடி வீச்சு மாறுவதும் கிடையாது, சுழலும் கனமும் கிடையாது. காற்றாலைக்கு இரண்டும் உண்டு. வானத்திலிருந்து இறக்கிய உத்தி தரையில் தடுமாறியது இதனால்தான்.

அடுத்த இருபது ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த இரண்டு ஏமாற்றுகளைச் சமாளிப்பதுதான். டென்னசியில் 1997-ல் சிமோயஸ், போஸ், ஸ்பீகல் மூவரும் ஃபஸி லாஜிக் எனப்படும் மங்கல் தர்க்கத்தைக் கொண்டு அடியின் நீளத்தை மாற்றினார்கள்: உச்சி தொலைவில் என்றால் நீண்ட அடி, பக்கத்தில் என்றால் பூனை நடை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் குவின்சி வாங்கும் லியூசென் சாங்கும் 2004-ல் கன்ட்ரோலருக்கு நினைவு கொடுத்தார்கள். இறக்கையின் கனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை தடவித் தடவி உச்சியைக் கண்டதும் அதைக் குறித்து வைக்கும். அடுத்த தடவை அதே காற்று வரும்போது தடவாமல் நேரே போய் நிற்கும். அனுபவப்பட்ட மாட்டு வண்டிக்காரன் பாதி தூக்கத்திலும் வீடு வந்து சேர்வது போல.

தனி ஆலைக்காரர்களுக்கு உண்மையான செய்தி 2006-ல் கிரேக்கத்தின் கிரீட் தீவிலிருந்து வந்தது. அங்கே சானியா நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குட்ரூலிஸும் கலைட்சாகிஸும் பேட்டரிக்கு மின்னூட்டும் சிறு ஆலைக்கென்றே ஒரு கருவி செய்தார்கள். மலிவான ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு மின்மாற்றுச் சுற்று. அனிமோமீட்டர் இல்லை, ஆலையின் குணநலன் அட்டவணையும் வேண்டாம். டையோடு வழியாக நேரே பேட்டரியில் சேர்த்த ஆலையைவிட இது 11 முதல் 50 சதவீதம் வரை அதிகம் எடுத்தது. இறக்கை அதேதான், கோபுரம் அதேதான். கேட்கும் விதம் மட்டும் மாறியது. கிரீட் தீவு துணிப்பாய்க் காற்றாலைகளுக்குப் பேர்போனது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இவ்வளவும் அதிகம் எடுப்பதைப் பற்றி. பேட்டரி நிரம்பிவிட்டால்? சூரியத் தகடென்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்த் தூங்கலாம், தகடு சும்மா வெயில் காயும். காற்றாலையில் துண்டித்தால், ஆரம்பத்தில் என் மேசையில் பார்த்தோமே, கம்பி தொங்கிய மோட்டார், அதுதான் நடக்கும். சுமையில்லாத இறக்கை புயற்காற்றில் தறிகெட்டு ஓடித் தன்னையே பிய்த்துக்கொள்ளும். அதனால் மிஞ்சிய மின்சாரத்தைத் தண்ணீர் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிட்டு, எந்நேரமும் இறக்கைமேல் ஒரு கை வைத்திருக்க வேண்டும். அதுவும் போதாத காற்றில், இரண்டு கம்பிகளையும் முறுக்கினேனே, அந்த வித்தைதான் கடைசி பிரேக். இன்றைக்கும் சிறு ஆலைகளில் நிறுத்தும் சாவி ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

மாடியிலோ தோட்டத்திலோ சிறு காற்றாலை வைக்க எண்ணுகிறவர்கள், விளம்பரத்தில் இருக்கும் கிலோவாட்டை நம்பிப் போகாதீர்கள். அது பெரும்பாலும் விநாடிக்கு 11, 12 மீட்டர் காற்றுக்கான எண், உங்கள் மாடியில் அந்தக் காற்று எத்தனை நாள் வீசும்? 4 மீட்டரில் எவ்வளவு தரும், 5 மீட்டரில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். கயத்தாறில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனைக் களம் இருக்கிறது, சிறு ஆலைகளையும் அங்கே சோதிக்கிறார்கள். சோதனை வளைவு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். கன்ட்ரோலர் உச்சத்தைத் தேடும் வகையா, வெறும் டையோடா என்பதையும் கேளுங்கள். பேட்டரி நிரம்பினால் மிச்சத்தை எங்கே கொட்டும் என்று கேட்க மறந்துவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சோலார் கன்ட்ரோலரையே காற்றாலைக்கும் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் ஆலையை வாங்காதீர்கள்.